முதுகுக்கு ஒரு சம்மதம்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் எழுந்து நடமாடுகிறோம், வேளைக்குச் சாப்பிடுகிறோம், அதையே நலம் என்று வைத்துக்கொள். நீயும் அங்கே அந்த அளவுக்காவது இருக்க வேண்டும் என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். நான் சொல்லச் சொல்ல உன் தங்கைதான் எழுதுகிறாள். கத்தரி பிடித்துப் பிடித்து என் கட்டைவிரல் வீங்கிக் கிடக்கிறது, பேனாவைத் தொட்டாலே சுரீர் என்கிறது. நான் ஒன்று சொன்னால் இவள் புத்தகத்தில் வருவதுபோல் திருத்தி எழுதுகிறாள், கேட்டால் இலக்கணம் என்கிறாள், சண்டை போட எனக்குத் தெம்பில்லை, அதனால் அழகாக இருக்கும் இடமெல்லாம் அவளுடையது என்று நினைத்துக்கொள். அப்பாவுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது, தையல் மிஷினை மிதிக்க முடியாமல் மோட்டார் பொருத்தியாயிற்று, அது போடும் இரைச்சலில் கடையில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்பதில்லை, வீட்டுக்கு வந்தாலும் பேச ஒன்றும் மிச்சமில்லை. பள்ளிச் சீருடை தைக்கும் மாதம் இது, உனக்கே தெரியும், காலர் காலராகக் கனவில் வருகிறது.

இந்தக் களைப்புக்கு நடுவில் இன்னொரு வேலையை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஆராதனை முடிந்து எல்லாரும் காபி குடிக்கும் நம் சபையின் சமூகக்கூடத்தில், அந்த நீளச் சுவரில் இனி படங்கள் மாட்டப் போகிறார்களாம், வரைகிறவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று பலகையில் ஒட்டியிருந்தார்கள். உன் தங்கை அதைப் பார்த்ததிலிருந்து என்னை விடவில்லை. அம்மா எப்போது வரைந்தாள் என்று உனக்கு ஆச்சரியமாக இருக்கும். நீ போன பிறகு வந்த பழக்கம். கடையில் மிஞ்சும் பழுப்புத் தாளில், துணியில் குறிபோடும் சாக்கட்டியால் வரைவேன், அழியாமலிருக்க மேலே முடிக்கு அடிக்கும் ஸ்பிரேயை அடித்துவிடுவேன். எல்லாமே முதுகுகள். ஆராதனையில் கடைசி வரிசையில் உட்காருகிறவளுக்கு வேறென்ன தெரியும், அதோடு கோட்டு தைக்கிறவளுக்கு முகத்தைவிட முதுகுதானே பழக்கம். விண்ணப்பத்தில் உங்கள் படைப்பின் நோக்கம் என்ன என்று கேட்டிருந்தது. சும்மா உட்கார முடியவில்லை என்று எழுதடி என்றேன், இவள் மனித வாழ்வின் மௌனம் அது இது என்று பக்கத்தை நிரப்பிவிட்டாள். அதை அடித்துவிட்டு நான் சொன்னதையே எழுத வைத்தேன், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா கூப்பிட்டனுப்பினார். படங்கள் பிடித்திருக்கின்றன, ஆனால் கண்ணாடி போட்ட சட்டம் கூடாது, வார நாட்களில் அங்கே பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள், ஆணியும் அடிக்கக் கூடாது என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடைசியில்தான் பெரிய வேலையை வைத்தார். வரைந்திருப்பதெல்லாம் நம் ஆட்கள், நாளைக்கு யாரும் வருத்தப்படக் கூடாது, ஒவ்வொருவரிடமும் சம்மதக் கையெழுத்து வாங்கி வாருங்கள், கையெழுத்து இல்லாத படம் சுவரில் ஏறாது என்றார். இதென்ன பிரமாதம் என்று நினைத்தேன். கண்ணா, தன் முதுகு எப்படி இருக்கும் என்று இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

பேக்கரிக்காரர் தன் படத்தைப் பார்த்துவிட்டு யாரும்மா இது, சுவர் மாதிரி நிக்கிறான் என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்து, கல்யாணமான நாளிலேருந்து அந்தச் சுவருக்குப் பின்னாடிதான் நானும் நிக்கிறேன், பேசாம கையெழுத்தைப் போடுங்க என்றார். சபைப் பொருளாளர் இது நானே இல்லை, எனக்குப் பின்மண்டையில் முடி இருக்கு என்று சாதித்தார். அவர் மகள் பின்னால் போய் போனில் ஒரு படம் எடுத்துக் காட்டினாள். மனிதர் கையெழுத்துப் போட்டுவிட்டு, அங்க கொஞ்சம் சாக் பூசினா உங்களுக்கு என்ன குறைஞ்சுடும் என்று கேட்டார். பாட்டு டீச்சர்கள் அக்கா தங்கை இரண்டு பேரும் நிமிர்ந்திருக்கும் முதுகு தன்னுடையது, கூனல் விழுந்தது மற்றவளுடையது என்று சண்டை. நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். என்னைப் பார்த்துப் பாவப்பட்டு, சரி கூனி நானே, கொண்டா பேனாவை என்று தங்கைக்காரிதான் விட்டுக்கொடுத்தாள். மூன்றாவது தெரு நர்ஸ் மட்டும் பார்த்த உடனே தன்னுடையது என்று சொல்லிவிட்டாள். நான் இவ்வளவு களைச்சுப் போயா இருக்கேன் அக்கா என்று கேட்டாள். பேனாவைத்தான் நீட்டினேன். இப்படி வேலை முடிந்து வாசல் வாசலாக ஏறி இறங்கி எல்லாக் கையெழுத்தும் வாங்கியாயிற்று, ஒன்றைத் தவிர.

அது உன்னுடையது. கடையை ஏற்றுக்கொள்ள முடியாது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, நீ கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு எங்களோடு உட்காராமல் தனியாக முன்வரிசைக்குப் போனாயே, அன்று பார்த்தது. ஆராதனை முடிகிறவரை ஒருமுறையாவது திரும்புவாய் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், நீ பக்கத்துக் கதவு வழியாகப் போய்விட்டாய். மறுநாள் கடையில் துணி வெட்டும் மேஜையில் அதைத்தான் முதலில் வரைந்தேன், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வந்ததுதான். உங்கள் மகன்தானே, நீங்களே போட்டுவிடுங்கள் என்றார் கூடத்து அம்மா. உன் தங்கை அண்ணன் கையெழுத்து எனக்கு அச்சு அசலாக வரும் என்று தயாராக நின்றாள். இரண்டு பேரையும் வேண்டாம் என்றேன். உன் முதுகுக்கு நீதான் சொல்ல வேண்டும். அப்பா அந்தப் படத்தைப் பார்த்தார், ஓரம் மடங்கியிருந்ததை இஸ்திரிப் பெட்டியை லேசாகச் சூடாக்கி அவரேதான் தேய்த்து வைத்தார்.

வருகிற மாதம் முதல் ஞாயிறு படங்கள் ஏறுகின்றன. மாட்டலாம் என்றால் அதை ஒரு வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்ள மாட்டேன், சுருட்டிப் பெட்டியில் வைத்துவிடுவேன். ஆனால் வேண்டாம் என்பதையும் எழுதியே அனுப்பு கண்ணா. நீ போனதிலிருந்து உன்னிடமிருந்து ஒரு எழுத்து வரவில்லை. உனக்கு நல்ல வேலையும் நல்ல மனிதர்களும் அமையட்டும், ஆண்டவர் உன்னைக் கைவிடாமல் நடத்தட்டும். மறக்காமல் ஒன்று செய். படத்தை வரையும்போதுதான் கவனித்தேன், உன் கோட்டில் இடது தோள் தையல் விட்டிருக்கிறது. உனக்குத் தெரிந்திருக்காது, அது பின்பக்கம். குளிர் இறங்குவதற்குள் யாரிடமாவது கொடுத்துத் தைத்துக்கொள், இங்கிருந்து என் கை எட்டாது.

என்றும் உன்னை நினைத்திருக்கும்,
அம்மா

(எழுதியவள்: தங்கை. அம்மா சொன்ன எதையும் விடவில்லை.)