நிறைந்த வயிற்றின் பசி

இன்று காலை, சிராங்கூன் சாலையில் என் அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் சாப்பாட்டுக்கடையிலிருந்து பருப்பு வேகும் மணம் வந்தது. படித்துக்கொண்டிருந்த மனுவை மேசைமேல் வைத்துவிட்டேன். டாக்டர், அந்த மணம் எழும்போதெல்லாம் நான் மறுபடியும் அந்த நீதிமன்றத்தில், உங்கள் வாயைப் பார்த்தபடி நிற்கிறேன்.

தஞ்சோங் பகார் துறையில் மூட்டை சுமந்த நம்மவர்கள் வேலைக்கு இறங்க மறுத்திருந்தார்கள். கூலிச் சட்டப்படி மறுத்தது குற்றம், நிரூபணமானால் சிறை. குத்தகைக்காரர் அவர்களுடைய பருப்பை நிறுத்திவிட்டு, அதற்கு ஈடாகத் தீட்டிய வெள்ளையரிசியைக் கூட்டிக் கொடுத்திருந்தார். போதுமான உணவு தரப்படும் என்பதற்கு மேல் ஒப்பந்தம் எதுவும் சொல்லவில்லை. அது மீறப்பட்டதென்று காட்டினால்தான் அவர்களை விடுவிக்க முடியும். அளவில் குறை இருக்கும் என்று எண்ணி அரிசியை நிறுக்கச் செய்தேன். குறையவில்லை, முன்பைவிடக் கூடியிருந்தது. என் வாதம் தராசிலேயே விழுந்தது.

குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவனான முத்தையனிடம், அவர்களுக்காக வாதாட வந்த நானும், மருத்துவச் சாட்சியாக நான் அழைத்திருந்த நீங்களும் விசாரித்தோம். “வயிறு முட்டத்தான் திங்கிறோம் சாமி. கொஞ்ச நேரத்துல திங்காதவன் மாதிரி ஆயிடுது” என்றான். நான் நம்பாமல் பார்த்ததைக் கண்டு, “வேணும்னா எங்க வயித்தையே கூண்டுல ஏத்திக் கேளுங்க” என்றும் சொன்னான். நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

மறுநாளே துறையின் சாப்பாட்டுக் கொட்டகையில் அவர்களோடு உட்கார்ந்து அதே சோற்றை உண்ணத் தொடங்கினீர்கள். சில நாள் வெறும் சோறும் புளித்தண்ணீரும். பிறகு சில நாள் சோற்றைக் குறைத்துப் பருப்பைச் சேர்த்து. யாழ்ப்பாணத்து டாக்டருக்குக் கூலிக்காரன் தட்டில் என்ன வேலை என்று உங்கள் மேலதிகாரிகள் கேட்கத் தொடங்கியிருந்ததும் எனக்குத் தெரியும்.

விசாரணைக்கு முதல்நாள் மாலை உங்கள் முகத்தில் புதிய வெளிச்சம் இருந்தது. உணவு இறங்கியதும் குடல் ஏதோ ஒரு பொருளை இரத்தத்தில் அனுப்பி, வேறோர் உறுப்பை வேலைக்கு அழைக்கிறது என்று சீமையில் கண்டறிந்திருக்கிறார்களாம். “அப்படியெண்டால், போதும் எண்டு சொல்லவும் ஒரு தூதன் இருக்க வேணும், ஐசே. வெறும் சோற்றுக்கு அவன் கெதியாத் திரும்பிப் போறான். பருப்புக்கு நிண்டு பேசுறான்” என்றீர்கள். அந்தத் தூதனைக் கண்டவர் உண்டா என்று கேட்டேன். இல்லை என்றீர்கள். அப்படியானால் அதை நாளை உச்சரிக்கவே கூடாது என்றேன். ஊகம் ஒன்று நுழைந்தால், உண்மையும் அதனோடு சேர்த்துத் தள்ளப்படும். நீங்கள் எழுந்து போனீர்கள்.

மறுநாள் நீங்கள் சாட்சிக் கூண்டில் ஏறியதும், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சரியாக அந்த இடத்திலேயே கைவைத்தார். வயிறு நிறைந்த மனிதனுக்குப் பசி எப்படி வரும், டாக்டர் விளக்குவாரா என்று கேட்டார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கூண்டுக்கு அப்பால் முத்தையன் கம்பியைப் பிடித்தபடி நின்றான். உங்களுக்கு மிகவும் பிரியமான அந்த எண்ணம் உதடுவரை வந்தது எனக்குத் தெரிந்தது.

காரணம் தமக்குத் தெரியாது என்று ஆங்கிலத்தில் சொன்னீர்கள். வெறும் சோறு உண்ட நாள்களில் வயிறு கனத்தது, பசி அடங்கவில்லை. குறைந்த சோற்றோடு பருப்பு உண்ட நாள்களில் நடுப்பகல்வரை பசி தலைகாட்டவில்லை. இவ்வளவே தாம் அறிந்தது என்றீர்கள். நீதிபதி நெடுநேரம் எழுதினார். பிறகு, அளவு மிகுந்திருப்பதாலேயே உணவு போதுமானதாகிவிடாது என்று கூறி அவர்களை விடுவித்தார்.

வெளியே வந்ததும் நன்றி சொல்ல முயன்றேன். “என்ர தூதனை நீர் வாசலிலேயே மறிச்சுப் போட்டீர்” என்று மட்டும் சொன்னீர்கள்.

உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் புதிய டாக்டரிடம் சென்ற வாரம் கேட்டேன். இரத்தத்தில் செல்லும் அத்தகைய தூதர்களுக்கு இப்போது பொதுப்பெயரே வைத்துவிட்டார்களாம். போதும் என்று சொல்பவனை மட்டும் இன்னும் எவரும் கண்டதில்லையாம். ஆகவே, இன்றும் அதைச் சாட்சியமாக ஏற்க என்னால் இயலாது. ஆனால் பருப்புச் சோறு உண்டு எழும் ஒவ்வொரு நடுப்பகலும், வாசலில் நான் நிறுத்திவைத்த அவன் இன்னும் அங்கேயே காத்திருப்பதாகத் தோன்றுகிறது. அவனைப் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.