இறுக்கிப் பிடித்த ஆறு வருஷம்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. பள்ளி முடிந்து நாலரைக்கு பிசியோ, முதல் நாள்.

பிசியோதெரபிஸ்ட் பெயர் சுமா. கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுகிறார். இதுவரை என்ன பயிற்சி செய்தீர்கள் என்றார். பெருமையாகச் சொன்னேன்: வீடியோ பார்த்து ஏழு மாதமாக, தினம் மூன்று வேளை, மூத்திரத்தை அடக்குவது போல இறுக்கி, பத்து எண்ணி விடுவது. வகுப்பில் போர்டில் எழுதும்போதுகூட. டாக்டர் "எக்சர்சைஸ் பண்ணுங்க" என்றதை நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

பரிசோதித்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார். பிறகு, "அய்யோ மேடம், அது உங்களுக்கில்ல. எண்டோமெட்ரியோசிஸ்னால அடிவயித்துல வர்ற வலிக்குப் பயந்து உங்க இடுப்புக்குள்ள தசை ஏற்கெனவே கல்லு மாதிரி இறுகிக் கெடக்கு. அத போய் இன்னும் இறுக்கியிருக்கீங்களே."

ஏழு மாதம். நானே. ஒருநாள் தவறாமல்.

இனி:
– மல்லாந்து படு, கை வயிற்றில். மூச்சை இழுத்தால் வயிறு உப்ப வேண்டும்.
– முட்டி போட்டுக் குனிந்து நெற்றி தரையில். ஐந்து மூச்சு.
– இறுக்கவே கூடாது. (சுமா இதன் அடியில் இரண்டு கோடு போட்டார்.)
– வலி எத்தனை, பத்துக்கு, தினம் எழுது.
– பல்லைக் கடிக்காதே.

கடைசியாக, "வீட்டுக்காரரோட சேரும்போது வலிக்குமா?" என்றார். ஆமாம் என்றேன். ஆறு வருஷத்தில் முதல் முறையாக வாய்விட்டு. அவர் பாட்டுக்குக் குறித்துக்கொண்டார். எனக்குத்தான் காது சுட்டது.

வலி 7.

ஜூலை 10, வியாழன்

வலி 6. தூறல் விட்டது. கேஸ் புக் பண்ண வேண்டும்.

இரண்டாம் வகுப்பு. முன் பெஞ்சுப் பெண்: "மிஸ், நீங்க ஏன் எப்பவும் டேபிள புடிச்சிட்டே நிக்கிறீங்க?" ஸ்டாஃப் ரூமில் கணக்கு டீச்சர்: "எக்சர்சைஸ் கிளாஸ் போறீங்களாமே. எடை குறைக்கவா?" ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

வீட்டுக்காரர் ஜெ. தங்கவயலில் அவர் அம்மா வீட்டுக்குப் போய் இன்றோடு பதினெட்டு நாள். அத்தைக்கு மூட்டு வலி என்று போனார். அதெல்லாம் சாக்கு என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். போகிற அன்று பை கட்டிக்கொண்டே சொன்னது: "உனக்கு என்னைப் புடிக்கல ஸ்டெல்லா. தொட்டா செவுத்துப் பக்கம் திரும்பிக்கிற. வலிக்குதான்னு கேட்டா இல்லங்கிற. அப்ப வேற என்ன?"

வலிக்கிறது என்று சொன்னால் ஒதுங்கிப் போய்விடுவார் என்று பயந்தேன். அதனால் இல்லை, இல்லை என்றே ஆறு வருஷம் சொன்னேன். முட்டாள். இப்போது காரணம் தெரிந்துவிட்டது. தசைதான், நான் இல்லை. இதைச் சொன்னால் வந்துவிடுவார்.

போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம்!

ஜூலை 12, சனி

வலி 4. நாலு!! இந்த வருஷம் இந்த நம்பரைப் பார்த்ததே இல்லை.

கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் பாய் முக்கால்வாசிதான் விரிகிறது. கால் சமையலறையில். வயிற்றை உப்ப விடுவதுதான் கஷ்டம். கல்யாணமான நாளிலிருந்து உள்ளே இழுத்தே நடக்கிறேன். கொஞ்சம் மேடு தெரிந்தால் போதும், அத்தை கண் அங்கே போகும், பிறகு விசேஷமா என்று என் முகத்துக்கு வரும்.

"சொல்ப ரிலாக்ஸ் மாடி" என்று சுமா கன்னடத்தில் கொஞ்சம் தளர விடச் சொல்வது போல எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எட்டாவது மூச்சில் உள்ளே என்னவோ தளர்ந்தது. அழுகை வந்தது. துக்கமா என்று தெரியவில்லை.

மட்டன் அரைக் கிலோ, புதினா, தேங்காய். அவர் நீலச் சட்டை இஸ்திரி.

ஜூலை 13, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. பத்தரைக்கு வந்தார். இளைத்திருக்கிறார். சாப்பிட உட்காரும் முன்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தசை, வீடியோ, இறுக்கியது, வலிக்கவில்லை என்று சொன்ன பொய்.

"எல்லா தடவையுமா?" என்றார்.

"பெரும்பாலும்."

"கோவளத்துல?"

கோவளம், கல்யாணமாகி முதலில் போன ஊர். ஆமாம் என்றேன். இனிப் பொய் வேண்டாம் என்று நினைத்தேன்.

தலையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே. என்னை என்னன்னு நெனச்ச?"

"இப்ப சரியாயிட்டு வருதுங்க. நேத்து நாலுதான்."

"உனக்குச் சரியாயிடும். எனக்கு? இனிமே உன்னத் தொட்டா, இப்ப இவளுக்கு வலிக்குதா, பொய் சொல்றாளான்னுதான் தோணும். நல்லா இருந்த நாளுன்னு நாலஞ்சு வெச்சிருந்தேன். அதையும் எடுத்துட்ட."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன். சாப்பிடாமலேயே எழுந்து பக்கத்தில் வந்து நின்றார். தோளில் கை வைக்கப் போனார். வைக்கவில்லை.

தங்கவயல் போகும் மூன்று மணி மாரிக்குப்பம் ரயிலுக்குப் போய்விட்டார். எப்போது வருவீர்கள் என்று கேட்டேன். "கேக்காத ஸ்டெல்லா."

மட்டன் அப்படியே இருக்கிறது. உண்மையைச் சொன்னால் வருவார் என்று நினைத்தேனே.

ஜூலை 14, திங்கள்

லீவு. வலி எழுதவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

வெயில். துணி காய்ந்தது. வலி 3.

சுமாவுக்கு ஒரே சந்தோஷம். "சூப்பர் மேடம்! அடுத்த பயிற்சி சொல்றேன். ஒருக்களிச்சுப் படுக்கணும், பின்னாடி ஒருத்தர் இடுப்புல கை வெச்சிருக்கணும். சும்மா வெச்சா போதும், அழுத்த வேணாம். அந்தக் கை இருக்கிற எடத்துக்கு நீங்க மூச்சு விடணும். வீட்டுக்காரர அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க, காட்டித் தரேன்."

ஊரில் இல்லை என்றேன்.

எப்போது வருவார் என்று கேட்டார். நான் செருப்பு மாட்டுவது போலக் குனிந்துகொண்டேன்.

"பரவால்ல மேடம். தலகாணி வெச்சுக்கலாம்."