நாலாவது வரியில் ஒரு தட்டு

முத்தியால்பேட்டை
4 மார்ச் 2024

அன்புள்ள எழிலுக்கு,

நீயும் சரிதாவும் இனியாவும் நலம் என்று நம்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஒரு பாட்டு அனுப்பினேன். சின்ன வயதில் நாம் ஆடிய குடைக்காரன் வீடியோ கேமில், மூன்றாவது கட்டத்தில் குகைக்குள் வருமே, அந்த இசை. அதை முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றி அமைக்க எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. பழைய கேம் இசையை இப்படி ரீமிக்ஸ் செய்து போடும் ரசிகர் தளத்தில் ஏற்றுவதற்கு முன், இந்தத் தடவை உனக்குத்தான் முதலில் அனுப்பினேன். அன்றே பதில் போட்டாய்: "சூப்பர்க்கா. வயலின் வர்ற எடத்துல கண்ணு கலங்கிடுச்சு."

நேற்றுதான் கவனித்தேன். கம்ப்யூட்டரில் எல்லா வாத்தியங்களையும் அணைத்து வைத்திருந்ததை மறந்து அப்படியே சேமித்திருக்கிறேன். உனக்கு வந்தது நான்கு நிமிட நிசப்தம்.

அதில் எந்த வயலின் வந்தது, எழில்?

நேரமில்லை என்று சொல்லியிருக்கலாமே. மேட்டுப்பாளையத்து சோப்புக் கம்பெனி ஆபீஸில் வேலை முடித்து வந்து, நாற்பத்தைந்து வயதில் வீடியோ கேம் பாட்டோடு உட்காருகிறவளைப் பார்த்து எல்லோரும் சிரிக்கிறார்கள். நீ ஒருவன் கேட்கிறாய் என்றிருந்தேன். இனி அனுப்பமாட்டேன்.

ஹேமலதா

*

லியோன்
6 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மெயிலைச் சரிதாவிடம் காட்டினேன். "இப்பவாவது உண்மைய சொல்லித் தொலைங்க" என்று ஒரு தாளில் எழுதி நீட்டினாள். வீட்டில் என்னிடம் பேசுவது இப்போதெல்லாம் தாளில்தான்.

எனக்குக் காது கேட்கவில்லை, அக்கா. முதலில் இடது காது போனது. பதினான்கு மாதத்துக்கு முன் வலதும் போய்விட்டது. போனில் நீ கூப்பிட்டால் சரிதாவிடம் கொடுத்துவிடுவேனே, அதனால்தான். உன் பாட்டுகளுக்கு மற்றவர்கள் எழுதும் கருத்துகளைப் படித்துவிட்டு அதையே மாற்றிப் பாராட்டுவேன். இந்தப் பாட்டு தளத்தில் இல்லாததால் ஊகித்தேன். உன் பாட்டில் இரண்டாவது நிமிடம் வயலின் வராமல் இருந்ததே இல்லை.

சொன்னால் நீ பாட்டு போடுவதையே நிறுத்திவிடுவாய் என்று பயந்தேன்.

ஏப்ரல் பதினெட்டாம் தேதி ஆபரேஷன். வலது காதுக்குள் ஒரு மின்கருவி வைப்பார்களாம். பேச்சு கேட்க வாய்ப்பிருக்கிறது. பாட்டைப் பற்றிக் கேட்டால் டாக்டர் தோளைக் குலுக்குகிறார்.

மன்னித்துவிடு.

எழிலரசன்

*

முத்தியால்பேட்டை
7 மார்ச் 2024

என் தம்பி எழிலுக்கு,

உன் மெயிலை ஆபீஸில் படித்தேன். கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்து பில் போட்டேன்.

வருடக்கணக்கில் உன்னிடம் என் பாட்டைப் பற்றியே பேசியிருக்கிறேன். "நீ எப்படிடா இருக்க?" என்று ஒழுங்காகக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நீ பொய்தான் சொல்லியிருப்பாய். அதற்கான திட்டு தனியாகப் பாக்கி இருக்கிறது.

குகைப் பாட்டை ஒழுங்காகச் சேமித்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கருவி வேலை செய்யத் தொடங்கியதும் கேள். ஒரே ஒரு நிபந்தனை: இனிப் பொய் கூடாது.

அக்கா ஹேமா

*

லியோன்
2 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு வாரத்துக்கு முன் கருவியை ஆன் செய்தார்கள். இனியா என் முன்னால் வந்து "அப்பா" என்றாள். எனக்குக் கேட்டது இரண்டு "பீப்". சரிதா பேசினாள், குடைக்காரன் பள்ளத்தில் விழுந்து சாகும் சத்தம் அப்படியே! நான் சிரித்துவிட்டேன், அவள் அழுதுவிட்டாள். பழகப் பழக மூளை குரல்களைப் பிரித்துக்கொள்ளுமாம். இப்போது சின்னச் சின்ன வாக்கியங்கள் புரிகின்றன.

உன் பாட்டையும் கேட்டேன். பொய் சொல்லக் கூடாது என்றாய், அதனால் சொல்கிறேன். காலை எட்டு மணிக்கு நம்மூர்ப் பெரிய மார்க்கெட்டில் மீன்காரர்களுக்கு நடுவில் நிற்பதுபோல் இருந்தது. எது வயலின், எது டிரம் என்று தெரியவில்லை. நான்கு முறை கேட்டுவிட்டு மூடி வைத்துவிட்டேன்.

பேச்சு திரும்பியதே பெரிய விஷயம். பாட்டு எனக்கு இனி வேண்டாம். நீ வருந்தாதே.

எழில்

*

முத்தியால்பேட்டை
23 ஜூன் 2024

அன்புள்ள எழிலுக்கு,

மீன் மார்க்கெட் என்று என் பாட்டை இதுவரை யாரும் சொன்னதில்லை. இரண்டு நாள் கோபமாக இருந்தேன். பிறகுதான் "பீப்" என்று நீ எழுதியது உறைத்தது. நாம் ஆடிய அந்தப் பெட்டிக்கும் அதைவிட அதிகமாகப் பேசத் தெரியாதே! அதை வைத்துத்தானே நாம் பாடித் திரிந்தோம்.

நான் சேர்த்த நாற்பது வாத்தியங்களையும் எடுத்துவிட்டேன். வயலினை எடுக்கத்தான் மனம் வரவில்லை, அதையும் எடுத்தேன். இப்போது மிச்சம் மூன்று: மெட்டுக்கு ஒரு பீப், அடியில் ஒரு பீப், ஒரு டிரம்.

இன்னும் ஒரே ஒரு தடவை முயற்சி செய். பாராட்ட வேண்டாம். காதில் என்ன விழுந்ததோ அதை மட்டும் எழுது. ஒன்றும் விழவில்லை என்றால் அதையே எழுது. அதன்பிறகு பாட்டுப் பேச்சே எடுக்கமாட்டேன்.

அக்கா ஹேமா

*

லியோன்
28 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதமாகப் பதில் போடாததற்குத் திட்டாதே. தினமும் ஒரு தடவை கேட்டேன். முதல் வாரம் யாரோ கதவைத் தட்டுவதுபோல் இருந்தது. அடுத்த வாரம் அந்தத் தட்டுக்கு ஒரு நடை இருப்பது பிடிபட்டது. மெட்டு இன்னும் மங்கல்தான், ஆனால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிகிறது.

நாலாவது வரி முடியும் இடத்தில் மட்டும் தாளம் போட்ட கால் இடறியது. ஒரு தட்டு குறைந்தது. கருவி சரியில்லை, இதுவும் போச்சு என்று நினைத்தேன். இனியாவைக் கூப்பிட்டு, பாட்டோடு சேர்ந்து மேசையைத் தட்டச் சொன்னேன். அவளும் அதே இடத்தில் இடறினாள். "அப்பா, இங்க அத்தை தப்பு பண்ணிட்டாங்க!" என்றாள். முழுதாகக் கேட்டது, அக்கா, அவள் சொன்னது.

அப்புறம்தான் நினைவு வந்தது. கேம் கேசட்டின் மேல் நான் நன்னாரி சர்பத்தைக் கொட்டி, அப்பாவுக்குத் தெரியாமல் நீ பாவாடையால் துடைத்து வைத்தாயே. அன்றிலிருந்து நம் கேசட் மட்டும் அந்த இடத்தில் ஒரு தட்டை விழுங்கிவிட்டு ஓடும். ஆர்கெஸ்ட்ராவிலும் அதை வைத்திருந்தாயா? எனக்குத் தெரியவே இல்லை.

அதைத் திருத்திவிடாதே. ஆனால் டிரம் அதிகம். காதைக் குத்துகிறது. குறை.

எழில்

*

முத்தியால்பேட்டை
29 ஜூலை 2024

என் எழிலுக்கு,

அந்தத் தட்டைப் பற்றி உன்னிடம் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. மாதம் முழுக்க உன் பதில் வராதபோது பாராட்டு மட்டும் வந்துவிடக் கூடாதே என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன். இன்று காலை "டிரம் அதிகம்" என்பதைப் படித்துவிட்டு, ஆபீஸில் எல்லோருக்கும் டீ சொன்னேன். என்ன விசேஷம் என்று கேட்டார்கள். "எந்தம்பி எம்பாட்ட கொற சொல்லிட்டான்" என்றேன். விநோதமாகப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

டிரம்மைக் குறைத்து அனுப்பியிருக்கிறேன். ஒரே ஒரு வயலின் சேர்த்திருக்கிறேன். எங்கே வருகிறது என்று நீ சொல். இரண்டாவது நிமிடத்தில் இல்லை.

அக்கா ஹேமா