விழுந்ததைச் சொல்லு

இன்று காலை அச்சகத்தில் பழைய மாதிரிகளை ஒதுக்கும்போது நம் ஞாயிறு ஆட்டத்தில் பகடையை மறைத்து உருட்ட வைத்திருந்த அந்த மறைப்பு அட்டை என் காலடியில் வந்து விழுந்தது. எனக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகள் நான்கை நீளவாக்கில் ஒட்டி நான் செய்தது. மூலைகளில் தடவிய மஞ்சள் இன்னும் லேசாக மணக்கிறது. ஒரு பத்திரிகையில் மாப்பிள்ளையின் பெயரை அடித்து ‘அரக்கன்’ என்று நீ எழுதி வைத்திருக்கிறாய். சிரித்துவிட்டேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஞாயிறு மதியம் அச்சகத்தின் பின்னறையில் ஐந்து பேர் என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு நீதான் பதில் சொல்வாய். “ஒருத்தன் கதை சொல்லுவான். மத்தவங்க ஆளுக்கொரு வேஷத்துல கதைக்குள்ள போவாங்க. நடக்குமா நடக்காதான்னு இழுபறி வந்தா பகடை சொல்லும். அம்புட்டுத்தான்.” பூதமும் மந்திரவாதியும் உலவும் கதைதான். ஆனால் நீ சர்வேயர் ஆயிற்றே, பூதத்தின் குகைக்கே நீள அகலம் கேட்பாய். வீரன் எத்தனை கிலோ சுமக்கிறான், வெட்டுக்காயம் ஆற எத்தனை நாள் என்று நோட்டில் எழுதுவாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“கதாநாயகனுக்கு எங்கனயாவது மலேரியா வருமாலே?” என்பேன்.

“வரும். யாரு கதாநாயகன்னு கொசுவுக்குத் தெரியுமா?”

“வாரம் பூரா சாதாரண ஆளாத்தான் இருக்கோம். ஞாயித்துக்கெழமையாவது விசேஷமா இருந்துட்டுப் போவோம்லே.”

“விசேஷமா இரு, யாரு வேண்டாம்னா? விதி மட்டும் எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

நம் சண்டை முற்றியது உன் உப்பு வணிகனால். மற்றவர்கள் இளவரசனாகவும் மாயாவியாகவும் வர, நீ மூட்டை சுமக்கும் உப்பு வணிகனாக வந்தாய். அன்று கதைசொல்லி நான். வெள்ளத்தில் ஆற்றைக் கடந்தாய். மறைப்புக்குப் பின்னால் உருட்டினேன். இருபது முகப் பகடையில் ஒன்று விழுந்தது. ஒன்று என்றால் சாவு. “கரையேறிட்டான்!” என்று கத்தினேன். எல்லோரும் கைதட்டினார்கள். நீ எழுந்து மறைப்புக்கு மேலாக எட்டிப் பார்த்தாய்.

“மூட்டையோட வெள்ளத்துல எறங்குனவன் எப்படிலே கரையேறுவான்?”

“உப்பு கரைஞ்சு பாரம் கொறஞ்சிருக்கும்.”

“அது கரையிறதுக்குள்ள இவன் ஆத்தோட போயி சீவலப்பேரியத் தாண்டிருப்பான்.”

அறையே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. “உனக்கு வேண்டியவன்னு பொய் சொல்லாத. விழுந்ததைச் சொல்லு” என்று, உன் தாளில் நீயே ‘இறந்தான்’ என்று எழுதிவிட்டுப் போனாய். இரண்டு ஞாயிறு நீ வரவில்லை. வீம்பு பிடித்தவன் என்று உன்னைத் திட்டித் தீர்த்தேன்.

பிறகு நீ நோயில் விழுந்தாய். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் உன் மனைவி மதினியையும் என்னையும் தனியே கூப்பிட்டு, இனி சில நாள்தான் என்றார். “தம்பி, அவங்ககிட்ட சொல்லிராதீங்க” என்று மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மதினியைச் சாக்காகச் சொல்ல மாட்டேன். டாக்டர் சொன்னதை நானே நம்பவில்லை. யாராவது ஒருத்தன் தப்பிப்பான் என்றால் அது நீயாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். கதாநாயகன் சாக மாட்டான் அல்லவா, மடையன் நான்.

நான் உள்ளே வந்தபோது நீ கையில் போனை வைத்திருந்தாய். “டாக்டர் என்னலே சொன்னாரு? விழுந்ததைச் சொல்லு.”

“மருந்து கேக்குதாம். தைக்குள்ள எந்திரிச்சிருவ.”

என் முகத்தையே பார்த்தாய். பிறகு போனைத் தலையணைக்கு அடியில் வைத்தாய். “தம்பியக் கூப்பிட்டு வரச் சொல்லணும்னு இருந்தேன். அப்ப வேண்டாம். எந்திரிச்சு நானே சாத்தாங்குளம் போறேன். படுத்துக்கிட்டு மன்னிப்புக் கேட்டா, பாவம்னு மன்னிச்சிருவான்.”

உங்கள் அப்பா நிலத்தை நீயே அளந்து கல் நட்டபோது, உன் தம்பி வெட்டிய கிணறு உன் பங்குக்குள் வந்தது. அன்றிலிருந்து ஆறு வருஷமாக இருவருக்கும் பேச்சு இல்லை. “அளந்தது சரிதாம்லே. அளந்துட்டு அவன் மொகத்தப் பாக்காம வந்தேன் பாரு, அதுதான் தப்பு” என்றாய். கிணற்றை அவனுக்கே எழுதித் தரப் போவதாகவும் சொன்னாய். விதிக்கு நீ ஒரு விலக்குச் செய்யத் துணிந்த ஒரே இடம் அது. அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். “போவோம்லே, நானும் வாரேன்” என்றேன்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை ஆடுகிறோம். நடு மேசையில், எல்லோர் கண்ணும் பார்க்க உருட்டுகிறேன். பகடை நிற்பதற்கு முன் என் தோளுக்குப் பின்னால் நீ மூச்சுவிடுவது கேட்கிறது. திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டேன். யாரும் இல்லை என்று தெரிந்துகொள்ளப் பயமாக இருக்கிறது.

உன்னை எடுத்துப்போன அன்று உன் தம்பி வந்தான். எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் வந்து, “அண்ணாச்சி, கடைசியில என்னையக் கேட்டானா?” என்றான். நான் மறைக்கவில்லை. நீ போனை எடுத்ததையும் நான் சொன்ன பொய்யையும் நீ போனை வைத்ததையும் சொன்னேன். அவன் என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை.

“அதுக்கப்புறம் எத்தன நாள் இருந்தான்?”

“ஒம்பது நாள்.”

தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, யாருக்கோ வழி சொல்கிறவனைப் போலப் பையச் சொன்னான்: “சாத்தாங்குளத்துல இருந்து இங்கன வர ஒன்றரை மணி நேரந்தான், அண்ணாச்சி.”