உன் அம்மா படத்துக்குச் சம்மதித்த விவரம்

சாலை, திருவனந்தபுரம்
14-9-1953

சிரஞ்சீவி கோலப்பனுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அம்மாவும் பகவான் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். பம்பாயில் நீ தேகசுகத்தோடு இருப்பதாக உன் கடிதத்தின் கடைசி வரியில் கண்டு சந்தோஷம். முதல் வரியில் இந்த வருஷமும் லீவு இல்லை என்று கண்டிருந்தது. நாலு வருஷமாக உன் ஆபீஸ் வழக்கம் அதுதான் என்பதால் ஆச்சரியப்படவில்லை. வருவதற்குப் பதிலாக அம்மாவின் போட்டோ ஒன்று அனுப்பச் சொல்லியிருந்தாயே, அதைப் படித்துக் காட்டியதும் அடுக்களையில் பாத்திரங்கள் உருண்டன. நம் வீட்டில் ஆள் போன பிறகுதான் படம் சுவரேறும், பூ விழும் என்பது உனக்குத் தெரியாததா? என்னை இப்பவே சுவத்துல ஏத்தணும்னு அவசரமா அவனுக்கு என்று கேட்டவள் இரண்டு நாள் என்னோடும் பேசவில்லை. கேட்டது நீ, உப்பில்லாத குழம்பு எனக்கு.

உயிரோடு இருக்கிறவர்களுக்கும் படம் உண்டு என்று நிரூபிக்க, பெரிய வக்கீல் மாதிரி, மியூசியம் பக்கத்தில் ஆள் படங்களாகவே மாட்டியிருக்கும் சித்திரசாலைக்கு அழைத்துப்போனேன். வாசலில் செருப்பைக் கழற்றினாள். கோயில் இல்லை என்றேன், செத்தவங்க இருக்க இடம்தானே என்றாள். ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று இவரு இருக்காரா என்று விசாரணை. கீழே எழுதியிருந்த வருஷங்களைப் பார்த்து இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். தலைப்பாகைக்காரர்கள், தாடிக்காரர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்தவர்கள். கடைசியில் வயதான ஓர் அம்மாள் படம். இவளுக்கு ஒத்தப் பூ வைக்க நாதியில்லையா என்று சொல்லி, நான் தடுக்குமுன் தன் தலையிலிருந்த பிச்சிப்பூவை எடுத்துச் சட்டத்தில் சார்த்திக் கும்பிட்டும் விட்டாள். காவலுக்கு நின்ற தாசையன் என்பவர் ஓடிவந்து, ஐயோ, ஆ அம்மை மரிச்சிட்டில்ல, உசிரோட வெள்ளையம்பலத்துல சுகமா இருக்காங்க என்று தலையில் கை வைத்தார். என் கட்சி ஜெயித்தது. உன் அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பூவைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, முன்பின் அறியாத அந்த அம்மாளின் ஆயுசுக்காக ஒரு மாதம் நெய்விளக்கு நேர்ந்துகொண்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். அவங்க பிள்ளைக எங்க என்று தாசையனிடம் கேட்டாள். ரெண்டு பேரும் சீமையிலயாக்கும், இந்தப் படம் எழுத ஏற்பாடு செஞ்சதும் அவங்கதான், நேர்ல வந்து வருஷம் குறே, எத்தனையோ ஆச்சு என்றார் அவர். பஸ்ஸில் உன் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டில் விளக்கேற்றிவிட்டு, சரி, படம் எடுத்து அனுப்பிருங்க, வராதவனுக்கு அது போதும் என்றாள். ஜெயித்தவன் நான்தான், ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை கோலப்பா, மக்களே. அவள் இத்தனை நாள் சண்டை போட்டது நீ வருவாய் என்ற நம்பிக்கையில்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. ஹோட்டலில் கண்டதைத் தின்னாதே. முத்தாரம்மன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாள். ஸ்டுடியோவுக்கு அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் நீ வருகிற தேதியை எழுதினால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். எழுதாவிட்டால் படம் ரிஜிஸ்தர் தபாலில் வரும். வந்து சேர்ந்தால், உன் அம்மா உன்னை எதிர்பார்ப்பதை விட்டுவிட்டாள் என்று தெரிந்துகொள்.

இப்படிக்கு, ஆசீர்வாதத்துடன்
உன் அப்பா
பகவதிப்பெருமாள்