கோடிச் சேலை

கேம்பல் பே,
12.8.1973

அன்புள்ள அண்ணனுக்கு,

கப்பலில் நீங்கள் அனுப்பிய கோடிச் சேலை வந்து சேர்ந்தது. என் கல்யாணத்துக்கு எடுத்துத் தந்த புதுச்சேலையையும் கோடி என்றுதான் சொன்னீர்கள். இந்தத் தீவையும் நாட்டின் கடைக்கோடி என்கிறார்கள்.

உங்கள் மாப்பிள்ளை படகோடு காணாமல் போய் இரண்டு மாதமாகிறது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

பக்கத்து வீட்டு வங்காளி அக்கா சேலையைத் தடவிப் பார்த்து, "நயா சாடி! ஆத்மி ஆ கயா க்யா?" என்றாள். புதுச்சேலையாயிற்றே, புருஷன் வந்துவிட்டாரா என்று கேட்கிறாள், அண்ணா. அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். கோடி எதற்கு வந்தது என்று ஹிந்தியில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

புருஷனை இழந்தவளுக்கு அண்ணன்தான் கோடி போட வேண்டும். இங்கே நம்மவர்கள் யாருமில்லை. இன்று காலை கதவைச் சாத்திக்கொண்டு, என் தோளில் நானே போட்டுக்கொண்டேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை