நீக்கப்பட்டது: ஒன்று

மார்ச் 3, திங்கள்

இன்று நடந்த அத்தனையும் நான் முன்பே சொன்னதுதான். கேட்கத்தான் ஆளில்லை. அக்கா மகளின் பெயர்ப்பலகைக் கடையில் எழுத்து வெட்டும் மெஷின் நின்றுவிட்டது. காலையில் அவள் அளவெடுக்கப் போயிருந்தபோது கம்ப்யூட்டருக்கு முழு அப்டேட் போட்டது நான். என் வயதில் அது தெரிந்தவன் இந்த வட்டாரத்திலேயே நான் ஒருவன்தான்.

"மாமா, எதையாவது அழிக்கப்போறேன்னு லிஸ்ட் காட்டுச்சா?"

"வரிவரியாப் படிச்சேன் பாப்பா. அப்படி ஒண்ணுமே இல்ல."

வெள்ளிக்குள் ஆஸ்பத்திரிக்கு நாற்பது அறைப் பலகைகள் போக வேண்டும். தனிக்கடை போட்டபின் அவளுக்கு வந்த முதல் பெரிய வேலை. தவறினால் வேறு கடைக்குப் போய்விடும்.

மார்ச் 4

லிஸ்டில் குற்றமில்லை என்று நான் அடித்துச் சொன்னதால் பழி மெஷின்மேல் விழுந்தது. மெக்கானிக் மூன்று மணி நேரம் பிரித்துப் போட்டார். டார்ச் பிடித்தது நான். கை ஆடவே இல்லை என்று வியந்தார். சரி, வியக்கவில்லை, தலையசைத்தார்.

மார்ச் 5

இன்னும் ஓடவில்லை. பாப்பா சாப்பிடவில்லை.

மார்ச் 6

கம்ப்யூட்டரும் நாட்குறிப்பு எழுதுமாம்! எது எத்தனை மணிக்கு வந்தது, எது போனது என்று. பாப்பா இன்று அதைத் திறந்து பார்த்தாள். திங்கள், 10:12. நீக்கப்பட்டது ஒன்று: மெஷினின் டிரைவர், அதாவது கம்ப்யூட்டர் சொல்வதை மெஷினுக்குப் புரியவைக்கும் புரோகிராம்.

விஷயம் இதுதான். படம் வரையும் புது சாஃப்ட்வேருக்குப் புது லைப்ரரி வேண்டும்; லைப்ரரி என்றால் மற்ற புரோகிராம்கள் சாய்ந்து நிற்கும் துணைப் புரோகிராம். டிரைவரோ பழைய லைப்ரரியின் தோளில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு லைப்ரரியும் ஒரே வீட்டில் இருக்காது. சாதாரண அப்டேட் புதியதை வாசலிலேயே நிறுத்திவைக்கும். முழு அப்டேட் பழையதைக் கிளப்பிவிடும். டிரைவரும் கூடவே விழுந்தது. இதைத்தான் நான் எத்தனையோ நாளாக வேறு வார்த்தைகளில் சொல்லிவருகிறேன்.

"அழிக்கட்டுமான்னு கேட்டிருக்கு மாமா. யாரோ சரின்னு 'ஒய்' அமுக்கியிருக்காங்க."

"பூனையா இருக்கும்."

"நம்ம கடையில ஏது மாமா பூனை?"

பழையவற்றைத் திரும்ப ஏற்றி, இனி தொடாதே என்று பூட்டிவைத்தாள். மெஷின் ஓடியது. இரவெல்லாம் அவளே எழுத்து வெட்டினாள்.

மார்ச் 7

நாற்பதும் போய்ச் சேர்ந்தன. எக்ஸ்ரே பலகை நான் ஒட்டியது. நூல் பிடித்தாற்போல் நேர்.

மார்ச் 14

புது ஏற்பாடு: அப்டேட் என்றால் நான் லிஸ்ட்டை உரக்கப் படிக்க வேண்டும், அவள்தான் அமுக்குவாள். இன்று நாற்பத்தொரு வரி, எழுத்துக் கூட்டி அரை மணி நேரம். அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள்.

"அன்னிக்கும் இப்படித்தான் படிச்சீங்களா மாமா?"

இல்லை. ஒரு வரிகூடப் படிக்கவில்லை. மளமளவென்று இங்கிலீஷாக ஓடியது, அமுக்கிவிட்டேன். அவளிடமே சொல்லிவிட்டேன்.

மற்றபடி, முன்பே சொன்னேன் என்றேனே, அதில் மாற்றமில்லை.